யாருக்குக் கொழுப்பு?

இன்று முதல் இந்த வீட்டின் கொழுப்பு என் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தேன். வாயில் நுரை இருந்ததால் உரக்க அறிவிக்க முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. எங்கள் வீட்டில் நான் உரக்க அறிவித்த எந்தத் திட்டமும் மதியச் சாப்பாடு வரை உயிரோடு இருந்ததில்லை.

நான் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். நான் தெருமுனையில் திரும்பினால் போதும், இறைச்சிக்கடைக்காரர் தராசுத் தட்டின் அடியிலிருந்து எதையோ பிய்த்து அவசரமாக வாயில் போட்டு மெல்லத் தொடங்குவார். அப்பேர்ப்பட்ட அதிகாரம். அந்த அதிகாரம் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் என்னோடு வரும். அங்கே சைக்கிளோடு சேர்த்து அதையும் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

உள்ளே இருப்பவள் என் மனைவி. தையற்காரி. முன்னறை முழுக்க அவள் கடை. ஜன்னல் ஓரம் தையல் இயந்திரம், சுவரோரம் வெட்டு மேசை, அவள் கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. நானும் அளப்பவன், அவளும் அளப்பவள். வித்தியாசம் ஒன்றுதான். நான் அளந்தால் மேல்முறையீடு உண்டு.

கொழுப்பு விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய பேப்பரில் ஒரு செய்தி. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பு அமிலங்களின் அளவுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார்களாம். சில வகைக் கொழுப்பு கூடினால் ஆபத்து கூடலாமாம். மீனில் இருப்பது போன்ற சில வகைகள் அதைக் குறைக்கவும் கூடுமாம். இன்னும் உறுதியாகவில்லையாம். இந்த ‘லாம்’, ‘கூடும்’, ‘ஆம்’ எல்லாம் எழுதியவர் போட்டவை. நான் படிக்கும்போது அவற்றையெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்தேன்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு அவளுடைய அக்காவுக்கு அந்த நோய் வந்தது. அறுவை, மருந்து, முடி கொட்டி, மறுபடி முளைத்து, இப்போது அக்கா முன்னைவிட உரக்கத் தொலைபேசியில் பேசுகிறாள். ஆனால் அந்த எட்டு மாதமும் என் மனைவி தைத்த துணியெல்லாம் கோணலாகப் போயிற்று. ஒரு நூல் அளவு பிசகாதவள், ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்தாள். அதைப் பார்த்தவன் நான். அன்றிலிருந்து அவள் தும்மினால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

"நீயும் ஒரு தடவை போய்ப் படம் எடுத்துப் பாத்துக்கோயேன்" என்று மாதத்துக்கு ஒரு முறை சொல்வேன்.

"போறேங்க. பள்ளிக்கூடம் திறக்கப் போறாங்க. நூத்தி இருபது சீருடை கிடக்கு."

"சீருடை முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் பாக்கலாம்."

பாக்கலாம் என்பது எங்கள் வீட்டில் ‘முடியாது’ என்பதன் மரியாதைப் பன்மை. ஆகவே, அவள் மருத்துவமனைக்குப் போகாவிட்டால் மருத்துவத்தை அவளிடம் கொண்டுவருவது என்று தீர்மானித்தேன். அவளுக்கே தெரியாமல்.

எதிர்வரிசையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் என் நண்பர். தெருவே அவரை ‘மாத்திரை’ என்றுதான் கூப்பிடும். அவரிடம் போனேன்.

"ரத்தத்துல கொழுப்பைச் சரி பண்ணணும்."

"யாருக்கு?"

"வீட்டுல."

மாத்திரை கண்ணாடியைக் கழற்றினார். "சார், கொழுப்பு ரத்தத்துல இருந்தா என்கிட்ட மருந்து இருக்கு. வாயில இருந்தா கிடையாது."

"வீட்டுக்காரியைப் பத்தி அப்படிப் பேசாதீங்க."

"நான் உங்களைச் சொன்னேன்."

கடைசியில் அடி அலமாரியிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்துத் தந்தார். மீன் எண்ணெய். "மூடியை மட்டும் திறந்துடாதீங்க."

"திறக்காம எப்படிக் குடுக்கறது?"

"அது உங்க சாமர்த்தியம்."

எங்கே ஒளித்து வைப்பது? சமையலறையில் ஒரு கடுகு இடம் மாறினாலும் அவளுக்குத் தெரியும். படுக்கையறையில் வைத்தால் வாசனை காட்டிக்கொடுக்கும். யோசித்தேன். திருடனுக்குப் போலீஸ் நிலையத்தைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா? அவளுடைய தையல் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு தட்டு. அதில் காலியான இயந்திர எண்ணெய் பாட்டில்கள் நாலைந்து. அவற்றில் ஒன்றை எடுத்து, மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, மீன் எண்ணெயை அதில் ஊற்றி, வரிசையின் கடைசியில் வைத்துவிட்டேன். அதைச் செய்து முடித்தபோது என் மூளையை நானே ஒரு முறை தராசில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன்.

தினம் மாலை சூப் பரிமாறும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். அவள் கிண்ணத்தில் ஒரு கரண்டி எண்ணெய்.

"சூப்புல என்னமோ கடல் வாசனை வருதே?"

"காத்து அந்தப் பக்கத்துலேருந்து அடிக்குது."

"கடல் இங்கேருந்து ஒரு ராத்திரி பயணம்."

"பெரிய காத்து."

அவள் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மொத்தத்தையும் குடித்துவிட்டாள். நான் வெற்றிப் புன்னகையோடு என் கிண்ணத்தில் வெண்ணெய் போட்டுக்கொண்டேன்.

ஆறாம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பினேன். வீட்டு வாசலில் பூனைகள். ஒன்றல்ல, இரண்டல்ல, எண்ணினேன், ஏழு. வரிசையாக, ஒழுங்காக, சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. அவற்றைத் தாண்டி உள்ளே போனால், அவளுடைய பெரிய வாடிக்கையாளரான வங்கி மேலாளர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் கறுப்புக் கோட்டு. கோட்டை உடம்பிலிருந்து ஒரு கை தூரத்தில் பிடித்திருந்தார்.

"நேத்து இதைப் போட்டுக்கிட்டு ஒரு முக்கியமான கூட்டத்துக்குப் போனேன்" என்றார். "பக்கத்துல உக்காந்திருந்தவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்."

"ஐயோ" என்றாள் என் மனைவி.

"ஐயோ அது இல்ல. திறந்த ஜன்னல் வழியா ஒரு பூனை வந்துச்சு. நேரா என் மடியில ஏறி உக்காந்துச்சு. கூட்டம் முடியற வரைக்கும் இறங்கல. கூட்டக் குறிப்புல ‘ஒன்பது பேர் கலந்துகொண்டனர்’னு எழுதியிருக்காங்க. நாங்க எட்டுப் பேர்."

என் மனைவி கோட்டை வாங்கி மோந்து பார்த்தாள். தையல் ஓடிய இடத்தை மட்டும் மோந்தாள். திரும்பினாள். இயந்திரத்தின் ஊசியை மோந்தாள். தட்டிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசி பாட்டிலுக்கு வந்தாள். மூடியைத் திறந்தாள். வாசலில் ஏழு பூனைகளும் ஒரே குரலில் கத்தின.

"ஏங்க" என்றாள்.

என் மனைவி ‘ஏங்க’ என்பதைப் பதினாலு விதமாகச் சொல்வாள். இது பதினைந்தாவது.

வங்கி அம்மாளை வேறு கோட்டு தைத்துத் தருவதாகச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பையிலிருந்து பேப்பர் துண்டை எடுத்து நீட்டினேன். வாசித்தாள். ‘லாம்’, ‘கூடும்’ ஒன்றையும் விடாமல் வாசித்தாள்.

"இதெல்லாம் எனக்காகவா பண்ணீங்க?"

"வேற யாருக்காக?"

அவள் கண் லேசாகக் கலங்கின மாதிரி இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வை இறங்கி என் சட்டையின் இடது பையில் வந்து நின்றது. என் இதயத்தைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து நான் நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக் காட்டினேன்.

"சரி" என்றாள். "இந்த எண்ணெய் வேலையெல்லாம் வேண்டாம். ரத்தம் பாத்துக்கறேன். படமும் எடுத்துக்கறேன்."

மூன்று வருடப் போராட்டம்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "நாளைக்கேவா?"

"நாளைக்கே. ஆனா ஒண்ணு. தனியா போக மாட்டேன்."

"நான் வரேன்."

"பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்கறதுக்கா? எனக்கு என்னென்ன பாக்கறாங்களோ, அத்தனையும் உங்களுக்கும் பாக்கணும்."

"அவ்வளவுதானே? பாத்துட்டாப் போச்சு."

"எழுதிக் குடுங்க."

ஆழம் தெரியாமல் காலை விடுவார்கள். நான் பேனாவை விட்டேன். வெட்டு மேசையிலிருந்த காகிதத்தில், அலுவலக நடையில், ‘மேற்படி மனைவிக்கு நடத்தப்படும் சோதனைகள் யாவும் யாதொரு விலக்குமின்றி மேற்படி கணவனுக்கும் நடத்தப்பட வேண்டியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தோடு நின்றேனா? கெத்தாக இருக்கட்டுமே என்று தராசு முத்திரையை எடுத்து அதில் ஒரு குத்தும் குத்தினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அது பிழைத்தது.

மாத்திரையிடம் ஓடினேன். "ஜெயிச்சுட்டேன்!"

"எங்கே?"

"வீட்டுல."

அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு மருத்துவமனை. இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவள் கையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். நான் கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடினேன், பல்லைக் கடித்தேன், ‘முடிஞ்சுதா’ என்று கேட்டேன். இன்னும் பஞ்சால் துடைக்கவே ஆரம்பிக்கவில்லை என்றார்கள்.

பிறகு மார்பகப் படம் எடுக்கும் பிரிவு. நீளமான கூடம். இருபது பெண்கள், ஒரே ஓர் ஆண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா நகர்ந்து இடம் விட்டார்.

"பொண்டாட்டிக்குத் துணையா வந்தியா தம்பி?"

"ஆமாம்மா. நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன்."

"தங்கமான புள்ள" என்று அந்தம்மா கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இருபது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் தங்கம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவியைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் சிரித்த முகமாக வெளியே வந்தாள். "வலிக்கலையே?" என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியல" என்றாள். படம் எடுக்கும் அம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டினார். கையில் ஒரு காகிதம். காகிதத்தில் தராசு முத்திரை.

"அடுத்து நீங்க வாங்க சார்."

"நானா?"

"யாதொரு விலக்குமின்றின்னு எழுதியிருக்கே?"

இருபது பெண்களும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். பெரியம்மா தங்கத்தை ஒரு முறை உரசிப் பார்ப்பது போலப் பார்த்தார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் சொன்னேன். "அம்மா, இது ஆம்பளைக்கு எதுக்கு?"

"ஆம்பளைக்கும் வரும் சார். அபூர்வம்தான், ஆனா வரும். இடது பக்கம் கட்டி எத்தனை நாளா இருக்கு?"

இங்கே உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களிடமும் மறைத்துவிட்டேன். என் இடது மார்பில், சட்டைப் பைக்கு நேர் கீழே, பட்டாணி அளவில் ஒரு கட்டி ஒரு வருடமாக இருந்தது. சட்டைக்கு அளவு எடுக்கும்போது என் மனைவியின் விரலில் பட்டது. டாக்டரிடம் காட்டச் சொன்னாள். காட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

"யார் சொன்னா உங்களுக்கு?"

"சட்டையைக் கழட்டுங்க."

இயந்திரம் ஆள் உயரம் இருந்தது. நடுவில் இரண்டு தட்டுகள். மேல் தட்டு மெதுவாக இறங்கும். என் உத்தியோக புத்தி விழித்துக்கொண்டது. "நில்லுங்க. இந்த இயந்திரத்துக்கு ஆய்வு முத்திரை எங்கே?"

அந்த அம்மாள் பக்கவாட்டில் காட்டினார். இருந்தது. தேதியும் சரியாக இருந்தது. எத்தனை கடைகளில் நான் கேட்டிருக்கிறேன், ஒரு கடையில்கூட உடனே காட்டியதில்லை.

தட்டு இறங்கியது. எலுமிச்சம்பழத்துக்கு எப்படி இருக்கும் என்று இதுவரை நான் யோசித்ததில்லை. பிழிவதற்கு என்னிடம் ஏதும் இருக்காது என்றுதான் நம்பியிருந்தேன். இருந்தது. வெண்ணெய் எல்லாம் வீணாகப் போகவில்லை.

"மூச்சு விடாதீங்க."

"எங்கேருந்து விடறது?"

"பேசாதீங்க. உங்க வீட்டம்மா எவ்வளவு சமத்தா நின்னாங்க தெரியுமா, அன்னிக்கு."

"எந்த அன்னிக்கு?"

"மூணு மாசம் முன்னாடி எடுத்தோமே. எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டர்கூட சொல்லிட்டாரே."

தட்டுகளுக்கு நடுவில் மாட்டியிருந்ததால் என்னால் துள்ளிக் குதிக்க முடியவில்லை. "அப்ப இன்னிக்கு உள்ளே வந்து பத்து நிமிஷம் என்ன பண்ணினா?"

"எனக்கு ஒரு கவுன் தைக்கணும். அளவு எடுத்துட்டுப் போனாங்க."

வெளியே வந்தேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன். அவள் எழுந்து வந்து அதைச் சரிசெய்தாள்.

"மூணு மாசம் முன்னாடியே எடுத்துட்டியா?"

"சீருடை முடிஞ்ச மறுநாள்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிம்மதி ஆயிடுவீங்க. நிம்மதியா இருக்கற ஆம்பளையை எந்தக் காரணம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரது?"

"நேரடியா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே, வாங்க போகலாம்னு."

"மூணு தடவை சொன்னேன். முதல் தடவை தசைன்னீங்க. ரெண்டாவது தடவை கொசுக்கடின்னீங்க. மூணாவது தடவை, பதவி உயர்வு வரட்டும், சேர்த்துப் பாத்துக்கலாம்னீங்க."

கூடத்தில் இருபது பெண்களும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றே ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். முடிவு வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்த ஐந்து நாளைப் பற்றி நான் வேடிக்கையாகச் சொல்ல முடியாது. அலுவலகத்துக்குப் போனேன். இறைச்சிக்கடையில் தராசு முள் ஒரு விரல் அகலம் சாய்ந்து நின்றது. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடிவந்து, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

நாலாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தேன். இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அவள் எனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஊசியில் நூலே இல்லை. வெறும் ஊசி துணியில் ஓட்டை போட்டுக்கொண்டே போயிற்று. முடிந்துபோன பகுதியை எடுத்துப் பார்த்தேன். பொத்தான் துளை இரண்டு பக்கமும் இருந்தது. கழுத்து ஒரு பெரிய பூசணிக்காய்க்குச் சரியாக இருக்கும்.

"பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்."

"துணியைப் பாரு."

பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவள் அந்தச் சட்டையையே எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அக்காவும் இப்படித்தாங்க. ஆறு மாசம் யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தா. கேட்டா, ஒண்ணுமில்லடின்னா. நீங்களும் ஒண்ணுமில்லன்னு சொன்னப்ப..."

எப்போதும் எதையாவது சொல்லித்தான் மாட்டிக்கொள்வேன். அன்று ஒன்றும் சொல்லாமல் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். பதினொரு முறை தவறவிட்டேன். அவள் பிடுங்கிக்கொள்ளாமல் காத்திருந்தாள்.

ஆறாம் நாள் டாக்டரின் அறை. அவர் முன்னால் இரண்டு தாள்கள். முதலில் ரத்தம்.

"அம்மாவுக்கு எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

"மீன் எண்ணெய்! அஞ்சு நாள் சூப்புல ஊத்தினேன்!" என்றேன்.

"அஞ்சு நாள் எண்ணெய்ல ஒண்ணும் ஆகாது சார். எண்ணெயை மாத்தினா இந்த நோய் வராதுன்னு யாரும் இன்னும் உறுதியாச் சொல்லல. ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு. நல்லதாச் சாப்பிடுங்க, தப்பே இல்ல. ஆனா உடம்புல கட்டின்னு ஒண்ணு தெரிஞ்சா, ஆணோ பெண்ணோ, கையோட வந்து காட்டணும். சமையலறையில வைத்தியம் பாக்கக் கூடாது." பிறகு என் தாளை எடுத்தார். புருவம் உயர்ந்தது. "உங்களுக்கு நல்ல கொழுப்பைத் தேட வேண்டியிருக்கு. மத்ததெல்லாம் தாராளமா இருக்கு. வெண்ணெய் சாப்பிடுவீங்களா?"

"சூப்புல மட்டும்."

"விட்டுடுங்க." இரண்டாவது தாளை எடுத்தார். மேசைக்கு அடியில் என் மனைவியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அளவு நாடாகூட அப்படி இறுக்கியதில்லை.

"பயப்பட ஒண்ணுமே இல்ல" என்றார் டாக்டர். "வெறும் கொழுப்புக் கட்டி."

மணிக்கட்டில் பிடி தளர்ந்தது. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிந்ததும் பழைய ஆளாகிவிட்டாள்.

"கொழுப்பா டாக்டர்?"

"கொழுப்புதான்மா."

"இருபத்தாறு வருஷமா நானும் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். யாராவது படம் எடுத்துப் பாத்தாத்தான் நம்பறாங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கத் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். எனக்கோ உயிர் திரும்பி வந்திருந்தது. உயிர் வந்தால் கூடவே நாக்கும் வந்துவிடுமே! நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பாத்தியா? ஒண்ணுமே இல்லன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? தசைன்னு சொன்னேன், சரி, தசை இல்ல. கொசு இல்ல. ஆனா ஒண்ணுமில்லன்னு சொன்னேனே, அது சரியாப் போச்சா இல்லையா? சொல்லு. டாக்டர் முன்னாடியே சொல்லு."

"சரியாத்தான் போச்சு" என்றாள்.

சொன்னவள் முகத்தில் மெல்லக் கவலை படர்ந்தது. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், கல்யாணமான நாள்லேருந்து இவர் சொன்னது சரியாப் போனது இதுதான் முதல் தடவை. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு. எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடுங்களேன்."

டாக்டர் என்னை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்தார். "நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதத் தொடங்கினார்.